கச்சானுக்கு எதிரே

கிண்ணியாப் பாலத்தில் ஐந்து ஐம்பது.
இடுப்பளவு இருட்டில் நின்று யாரோ வலை இழுக்கிறார்கள்.
இர்பானா கைபேசியை ஹாண்டிலில்
இறப்பர் போட்டுக் கட்டியிருக்கிறாள்.
நாங்கள் போகிற வழியை அது
ஒரு நீலப் புழுவாக வரைந்துகொண்டே வருகிறது.

எழுதிக்கொள், என்கிறாள்.
எழுதுகிறேன்:
பாலங்கள் நான்கு. நிழல் இல்லை.
உப்பாறு தாண்டியதும் இடப்பக்க வீட்டு நாய்
இருபது மிதி துரத்தும்,
பிறகு தன் அலுவலைப் பார்க்கும்.

சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு
வரைபடம் ஒன்று செய்கிறோம்.
ஒருவரும் கேட்கவில்லை.
அவள் வங்கியில் பிறர் காசை எண்ணுகிறாள்.
நான் பல் வைத்தியரின் வாசலில் நம்பர் கூப்பிடுகிறேன்.
சனிக்கிழமைகளில்தான் எங்களுக்குக் கால்கள்.

கங்கைப் பாலத்தில் தண்ணீர் குடித்தோம்.
மலைநாட்டிலிருந்து அத்தனை பள்ளமும் விழுந்து எழும்பி வந்த ஆறு
இங்கே மிதிப்பதை விட்டுவிட்டு
சும்மா உருண்டு போகிறது கடலுக்குள்.
"பிரேக் இல்லாத பிறவி," என்றாள் இர்பானா.

மூதூரில் ஒரு பை கச்சான் வாங்கினோம்.
தெற்கே திரும்பியதும் மற்றக் கச்சான்,
வாய்க்குள் மணலும் வயலின் சூடுமாக.
ஒன்றைக் கொறித்தபடி ஒன்றுக்குள் போனோம்,
தலை குனிந்து,
மணிக்கு ஒன்பது கிலோமீற்றர்.

பிறகு அந்த வளைவு, வளைவில் வேம்பு.
என் விரல்கள் தாமாகவே பிரேக்கைப் பிடித்தன.
ஒரு கால் தரையில்.
மணல்மூட்டை இல்லை, தகரம் இல்லை,
"இறங்கித் தள்ளு" என்று காட்டும் கை இல்லை.
புல்.
என்ன சாட்டுச் சொல்லலாம் என்று திரும்பினால்
அவளும் இறங்கி நிற்கிறாள்.

நாற்பது அடி தள்ளிக்கொண்டு நடந்தோம்.
செயின் மட்டும் கதைத்தது.
நீலப் புழு குறித்துக்கொண்டது:
வேகம் நான்கு. ஏற்றம் பூச்சியம்.

மலை பிறகுதான் வந்தது.
மலை என்றால் மலைநாட்டார் சிரிப்பார்கள்;
கரும்பாறை ஒன்று, முதுகில் பற்றை.
ஆனாலும் சின்னப் பல்லில் செயினைப் போட்டு
எழும்பி நின்று மிதித்து
உச்சிக்கு முன்னால் எனக்கு ஈச்சமுள்.

வாய்க்காலில் ரியூபை அமிழ்த்திக்
குமிழி தேடிக்கொண்டிருந்தபோது
தயிர்ச் சட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் நின்றது.
"எங்க போறீங்க?"
"கங்குவேலிக் குளம் வரைக்கும்."
"அங்க என்ன அலுவல்?"
"ஒண்டுமில்ல. போய்ட்டு வாறம்."
அவர் காற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
ஒரு சட்டியை அவிழ்த்தார்.
"அப்ப இத வெச்சிக்கங்க. அலுவல் இல்லாம போறதுக்குத்தான்
கூடப் பசிக்கும்."

கரண்டி இல்லை.
பஞ்சர்ப் பெட்டியின் மூடியால் அள்ளித் தின்றோம்.
தயிரில் கொஞ்சம் இறப்பர் மணம்.
பாறையின் மேலிருந்து
கொட்டியாரக் குடா, அதற்குள் ஆற்றின் மண்ணிறம்
எதுவரை போகிறது என்று தெரிந்தது,
எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

அந்த நாற்பது அடியை என்ன செய்வது?
"இங்கே நடக்கவும்" என்று போட்டால்
ஏன் என்று கேட்பார்கள்.
அழித்துவிடு என்றாள். பொறு என்றாள்.
பென்சிலை வாங்கி
"நிழல் இல்லை" என்பதை அவளே வெட்டினாள்.
"ஒரு வேம்பு உண்டு. தண்ணீர் குடிக்கலாம்."

திரும்பும்போது கச்சான் முதுகில் கை வைத்துத் தள்ளியது.
வயல்கள் வழுக்கின.
மூதூர்ச் சந்தியில்தான் அவள் கத்தினாள்:
"வேம்பு போச்சுதடி! நாம இறங்கல்ல!"
திரும்பிப் பார்த்தோம்.
லொறி ஒன்று, தூசி.

உப்பாற்று நாய் படலைக்குள் நித்திரை.
அந்த வரியையும் திருத்த வேண்டும்.