செங்கல்

வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு காலாவதி:
மேலே இருப்பது மேலேயே இருக்கலாம் என்று
கீழே நாங்கள் எழுதித்தரும் தாள்.
செயற்கைக்கோளுக்கு அது தெரியாது.
தொண்ணூற்றாறு நிமிடத்துக்கு ஒருமுறை
விடிந்து இருட்டி விடிந்து
ஒன்பது வருடமாகத் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஜன்னலில்லாத அறை.
கைபேசியை வாசல் பெட்டியில் பூட்டிவிட்டு வர வேண்டும்.
வெளியே பனி கொட்டுகிறதா என்பதை
வருகிறவர்களின் தோளைப் பார்த்துச் சொல்வோம்.
என் மேசையில் நானூற்றுப் பதினொரு வரிகள்.
யார் நுழையலாம், எதுவரை நுழையலாம்,
எந்தக் கடவுச்சொல்லுக்கு எத்தனை நாள் ஆயுள்,
இறந்துபோன பிரெவோர்ட்டின் கணக்கு
இன்னும் ஏன் திறந்திருக்கிறது.
மூடினேன்.
அன்று மதியம் யாரோடும் பேசவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்பதெல்லாம் இங்கே செல்லாது.
ஒவ்வொரு பருக்கையாக நசுக்கிப் பார்.
நசுக்கியதற்குச் சாட்சி வை.
சாட்சிக்குத் தேதி போடு.

இருநூற்றேழாம் வரி: கோளின் உள்ளே இருக்கும்
குறியாக்கி பழசு, மாற்ற வேண்டும்.
எந்த ஏணி எட்டும்?
‘அபாயம் ஏற்கப்பட்டது’ என்று எழுதினேன்.
ஏழு தலைகள் ஆடின.
மூன்று நிமிடத்தில் அடுத்த வரி.

கடைசி வரிக்குத்தான் பதினோரு நாள் ஆயிற்று.

அலாஸ்காவில் எங்கள் தரைநிலையம்.
தணிக்கைக்குப் போனவர் எடுத்த படம்:
பின்கதவு, அரையடி திறப்பு,
இடுக்கில் ஒரு செங்கல்.
இரண்டு வேலி, நான்கு கேமரா, விரல்ரேகை எல்லாவற்றையும் கடந்து
ஒரு சாதாரணச் செங்கல்.

‘எடுத்துவிட்டோம்னு எழுதிடு, ஆர்ச்சுலெட்டா’
என்றான் திட்ட மேலாளர் டிரிம்பிள்.
‘எழுதினால் போதும், எடுத்த மாதிரிதான்.’

நான் தொலைபேசியை எடுத்தேன்.
டெமியென்டெஃப் என்பவர் பேசினார்,
ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் கொஞ்சம் காத்திருந்து.
பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதில் பூட்டு உறையும் என்றார்.
முந்தின ஜனவரியில் லுடீன்
ஆண்டெனாவின் பனியைத் தட்ட வெளியே போனாள்.
திரும்பி வந்து அட்டையைத் தேய்த்தாள்.
அட்டை சரி. பெயர் சரி. பச்சை விளக்கு எரிந்தது.
கதவு திறக்கவில்லை.
பத்தொன்பது நிமிடம்.
இடதுகையில் இரண்டு விரல்.

‘பூட்டுக்குச் சூடேற்றி கேட்டிருக்கிறோம்’ என்றார்,
‘இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
விண்ணப்பம் உங்கள் ஊரில்தான் எங்கோ இருக்கிறது.’

தேடினேன். இருந்தது.
ஏழு மாதமாக, ஒரு கையெழுத்து தூரத்தில்,
எங்கள் மாடியிலேயே.

வியாழன் இரவு கடைசி வரியை எழுதினேன்:
செங்கல் இருக்கிறது.
சூடேற்றி வரும்வரை இருக்க வேண்டும்.
அருகில் எப்போதும் ஒரு ஆள் நிற்பார்.
கதவு திறந்திருப்பது அபாயம்.
மூடியிருப்பதும்.

கர்னல் ஸ்டென்ஸ்ருட் இரண்டுமுறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
மூன்று வருடம் கேட்டிருந்தோம்,
தொண்ணூறு நாள் தந்தார்.
டிரிம்பிள் என்னைப் பார்க்காமல் கோப்பை மூடினான்.
கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.
நாளை ஏதாவது ஆனால்
அவருக்கு அதுவே தலையெழுத்து.

நள்ளிரவு வாகன நிறுத்தத்தில்
காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
மேலே பார்க்கவில்லை.
எப்படியும் மேகம்.

திங்கட்கிழமை அலாஸ்காவிலிருந்து ஒரு படம்.
அறையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் வேண்டும் என்பது
என்னுடைய முப்பத்தெட்டாம் வரி.
செங்கலின் நெற்றியில்
நேராக, குமிழி இல்லாமல்,
ஒரு வெள்ளி ஒட்டுச்சீட்டு.
பதிவேட்டில் சேர்த்தேன்.
பொறுப்பாளர் என்ற கட்டத்தில்
லுடீன் என்று இருந்தது.