ஐந்துக்கு ஐந்து மீட்டர்

முதல் பஸ்ஸில் மன்னவனூர் வந்தேன்.
பையில் கயிறு, நான்கு முளைக்குச்சி,
கொக்கித் தராசு, மூன்று பிரதியாகப் படிவம்,
சமவாய்ப்பு எண்களின் அட்டவணை.

தென்மேற்கு மூலையிலிருந்து
பதினேழு எட்டு கிழக்கே, ஒன்பது எட்டு வடக்கே
என்றது எண்.
எண்ணுக்குச் சரிவு தெரியாது.
ஒரு முளைக்குச்சி
மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் நடுவே
காற்றில்தான் நின்றிருக்க வேண்டும்.
கல்லடுக்கி நிறுத்தினோம்.

"எங்க புடுங்கினாலும் கேரட்டுதானே" என்றார் சடையாண்டி.
எண் சொன்ன இடத்தில்தான் என்றேன்.
"அது என்ன, குறி சொல்ற சாமியா?"

பிடுங்கி, தழை அறுத்து, மண் உதறி நிறுத்தோம்.
அறுபத்திரண்டு கிலோ நானூறு.

இனி இது எக்டேர் ஆகும்,
வட்டாரம் ஆகும், மாவட்டம் ஆகும்,
ரயிலேறாமல் டெல்லி போகும்.
அங்கே தலைகளால் வகுத்து
முன்னூற்று அறுபத்தைந்தால் மறுபடி வகுத்து
ஆளுக்கு நாளைக்கு இத்தனை கிராம் காய் என்பார்கள்.
அந்தக் கோட்டை எங்கள் அலுவலகச் சுவரில்
இன்னாசிமுத்து ஒட்டிவைத்திருக்கிறார்.
கொண்டை ஊசி வளைவே இல்லாத
ஒரே மலைப்பாதை.

பொய்யென்று சொல்ல மாட்டேன்.
நான் பிறந்த வருடத்தில் அந்தக் கோடு தரையோடு கிடந்தது.
வத்தலக்குண்டில் எங்களுக்குக் கேரட்
கல்யாணப் பந்தியின் குருமாவில்
தேடி எடுத்தால் இரண்டு துண்டு.
இன்று என் மகன்
பொரியலை அப்படியே டப்பாவில்
திருப்பிக் கொண்டுவருகிறான்.
ஏறியது ஏறியதுதான்.

மதியம் வெள்ளைத்தாயி தூக்கைத் திறந்தாள்.
ரேஷன் அரிசிச் சோறு, ரசம், சுட்ட கருவாடு.
படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டேன்:
காய்?
"எல்லாம் லாரியேறிப் போயிருக்கு" என்றாள்,
பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல.
காது வரை மண்.

மூன்று மணிக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து போன்.
கிலோ நான்கு ரூபாய்.
சடையாண்டி விரல் மடக்கினார்:
பிடுங்கு கூலி, கழுவு கூலி, சாக்கு,
ஏற்று கூலி, வாடகை, கமிஷன், இறக்கு கூலி.
மறுகைக்கு வந்தபோது நிறுத்திக்கொண்டார்.
"உங்க கணக்கு எழுதியாச்சா?"
எழுதியாச்சு.
"அப்பச் சரி."

நேற்றுக் கழுவிக் கட்டிய
நாற்பது மூட்டையும் ஓடைப்பள்ளத்தில் உருண்டன.
நிறுத்த பிறகு மாதிரி விளைச்சல்
விவசாயிக்கே சொந்தம் என்பது விதி.
அந்த அறுபத்திரண்டு கிலோவையும்
அவர்தான் கடைசியாகச் சாய்த்தார்,
நானூறு கிராம் உட்பட.

காட்டுமாடுகள் இருட்டுவதற்குள்ளேயே வந்துவிட்டன.
மூன்று பெரிது, ஒரு கன்று.
அவசரமே இல்லை,
சம்பந்தி வீட்டார் உட்காரும் முதல் பந்தி மாதிரி.
ஒரு மாவட்டத்துக்கே நிற்க வேண்டிய கேரட்டைக்
கன்று முனையில் கடித்துப் பார்த்துவிட்டு
அடுத்ததற்கு நகர்ந்தது.

ரகம், பாசனம், உரம், பூச்சி, மழை
எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
பள்ளத்துக்கு இல்லை.
விளைந்ததெல்லாம் கணக்கில் ஏறும்.
எங்கோ யாரோ
இன்று தன் பங்குக் கிராமைத் தின்றிருப்பார்.
குறிப்பு இருப்பின் என்ற ஒற்றை வரியில்
'காட்டுமாடு' என்று எழுதினேன்.
பயிர்ச்சேதமா என்று கேட்பார் இன்னாசிமுத்து.
இல்லை, நுகர்வு என்பேன்.
கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா என்பார்.

கொடைக்கானலில் இறங்கியபோது மணி எட்டு.
பஸ் ஸ்டாண்டு ஓரம்
தள்ளுவண்டியில் கேரட், கிலோ நாற்பது.
எந்த ஊர்க் காய் என்றேன்.
"ஒட்டன்சத்திரம் காய்க்கா, காலைல ஏறி வந்தது."

அரைக் கிலோ வாங்கினேன்.
நகத்தடியில் இருந்த மண்
அதில் எங்கும் இல்லை.