வருஷத்துக்கு நாற்பது எட்டு

கப்பலூர் ஐஸ் கம்பெனியில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
உப்புத்தண்ணித் தொட்டிக்குள் தகரக் கேன்களை இறக்கிவிட்டு
அம்மோனியா வாடையோடு உட்கார்ந்திருப்பேன்.
எடுக்கும்போது கட்டியின் ஓரம் கண்ணாடி,
நடுவில் வெள்ளை.
வெளியேற வழி தெரியாமல் நின்றுபோன காற்று அது.
ரெண்டு நாள் வயசு ஐஸ் அப்படித்தான் இருக்கும்.

மேலே, நான் காவல் நின்ற போஸ்ட்டில்,
ஐஸ் நீலம்.
உருகாத பனிமேல் அடுத்த வருஷத்துப் பனி,
அதன்மேல் அதற்கடுத்தது,
பஞ்சுப் பொதிமேல் பொதி அடுக்கினாற்போல.
அடியில் கிடப்பது அமுங்கி அமுங்கி
மூச்சை விட்டுவிடும்.
மூச்சு போனபிறகுதான் அந்த நிறம்.
தன் கனம் தாளாமல் நகரத் தொடங்குவதும்
அப்படிக் கெட்டித்த பிறகுதான்.

ஐப்பசி மூணாந்தேதி ஒச்சம்மா வருவாள்.
கருமாத்தூரில் பஸ் ஏறி, செக்கானூரணியில் மாறி,
கம்பெனி கேட்டில் நின்று கேட்பாள்:
"இந்த வருஷம் எங்க இருக்கான்ணே?"

காசிமாயன் விழுந்த பிளவு
ரெண்டு முழ அகலம்கூட இருக்காது.
கயிறு விட்டோம். டார்ச் விட்டோம்.
மூணாம் நாள் பனி பெய்து வாயை மூடிக்கொண்டது.

முதல் வருஷம் அவளுக்குச் சொன்னேன்:
அது ஆறுதான் தாயி.
வைகை மாதிரி வந்துட்டுக் காணாமப் போற ஆறு இல்லை.
பிசைஞ்ச மாவு கையில வழியிற மாதிரி
வளைஞ்சு கொடுத்து இறங்கும்.
அடியில் அப்பின கல்லெல்லாம் அதுக்குப் பல்லு.
போற வழியில மலையை அரைக்கும்,
இழைப்புளி போட்ட கீறலாப் பாறையில நிக்கும்.
ஒடுங்கின பள்ளத்தைக் குடைஞ்சு தொட்டி ஆக்கும்.
அரைச்ச மாவு கலந்து
கீழ இறங்குற தண்ணி கழனித்தண்ணி நிறம்.
எதையும் அது வச்சுக்காது.
சுமந்த கல்லையெல்லாம் உருகுற முனையில கொண்டாந்து
கரை மாதிரி குமிச்சுரும்.

நான் கல்லைச் சொன்னேன்.
அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டாள்.
"ஒரு வருசத்துக்கு எம்புட்டுத் தூரம்?"
நாற்பது எட்டு இருக்கும், என்றேன்.

அன்றைக்கே கருமாத்தூர் விலக்கில் இறங்கி
வீட்டைப் பார்த்து நாற்பது எட்டு எண்ணி நடந்திருக்கிறாள்.
ரெண்டாம் வருஷம் எண்பது, டீக்கடை.
ஐந்தாம் வருஷம் சைக்கிள் கடைப் பலகை.
பதினோராம் வருஷம் புளியமரம்.
"மரத்துக்கு வந்துட்டான்ணே.
வீட்டுக்கு இன்னும் நாப்பத்தொம்பது வருசம்.
எனக்கு அப்பத் தொண்ணூறு."
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது.
பனியாறு ஒரே வேகத்தில் போவதில்லை.
நடு வேகமாய் வரும்,
ஓரம் பாறையில் உரசி உரசிப் பின்தங்கும்.
நாற்பது எட்டு நடுவுக்குச் சொல்கிற கணக்கு.
காசிமாயன் விழுந்தது ஓரத்தில்.

போன மாசம் ஆறு கட்டியைச் சரிவுப் பலகையில் விட்டேன்,
மீன் வண்டிக்கு.
ஐந்து சறுக்கிப் போயின.
ஒன்று மட்டும் உமி ஒட்டிப் பாதியில் நின்றது.
கொக்கி போட்டு இழுக்கக் கை வரவில்லை.
டிரைவர் ஆரன் அடித்தான்.

இந்த ஐப்பசியில் அவள் வந்தபோது
முகம் கறுத்திருந்தது.
"மரத்தை வெட்டிட்டாங்கண்ணே, ரோட்டை அகலமாக்குறாக.
வேரோட நோண்டி, தார் ஊத்தி,
இடமே தெரியல.
எங்கயிருந்து எண்ணுவேன்?"

விலக்கிலிருந்து திரும்ப எண்ணு தாயி, என்றேன்.
"விலக்கையும் மாத்திட்டாக."

நான் லீவு சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.
ஜன்னலில் நாகமலை வந்தது.
"இதையும் ஐஸ்தான் இழுத்துச்சா?"
இல்லை, இது வெயிலும் மழையும் தின்ன மிச்சம்.

புதுத் தாரில் வெயில் கொதித்தது.
நான் ஒரு இடத்தைக் காட்டினேன், குத்துமதிப்பாய்.
அவள் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
அங்கே போய் நின்றாள்.
ஜல்லி லாரி ஒன்று அவளைச் சுற்றி ஒதுங்கிப் போனது.
"இங்கதானா?"
கொஞ்சம் பின்னால, என்றேன்.
எத்தனை எட்டு என்று கேட்டாள்.