ஐந்தாம் அலகு

மயிலாடுதுறை. விடைத்தாள் திருத்தும் முகாம்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை.
ஒரு நாளைக்கு நாற்பது தாள்.
இருபத்தேழாவதில் நின்றுவிட்டேன்.

சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை விளக்குக. பத்து மதிப்பெண்.
விடைக்குறிப்பின் கணக்கு:
இயற்கை நிலைக்கு இரண்டு, ஒப்பந்தத்துக்கு மூன்று,
அரசுக்கு மூன்று, முடிவுரைக்கு இரண்டு.

இந்தப் பிள்ளை இயற்கை நிலையைத் தொடவே இல்லை.
'எல்லோரும் கூடிக் கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறார்கள்.
கப்பலின் அடித்தட்டில் விலங்கோடு கிடந்தவரிடம்
யார் காகிதம் நீட்டியது?'
அடித்து அடித்து எழுதிய நீல மை,
அடுத்த பக்கத்திலும் ஊறித் தெரிகிறது.

'எங்கள் ஊரில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது.
நஞ்சை இரண்டு வேலி மூன்று மா,
களத்துமேடு, புளியமரம் இரண்டு, ஆள் பதினொன்று.
மரத்துக்கு எல்லை சொல்லியிருக்கிறது.
ஆளுக்குப் பெயர் சொல்லவில்லை.

அங்கே கறுப்பு என்றால் தோல்.
இங்கே, வாய்க்காலில் உனக்கு எந்த இடம் என்பது.
எங்கள் வகுப்பில் எல்லாரையும்விடக் கறுப்பு
பண்ணை வீட்டுப் பையன்தான்.
பெயர் எழுத மாட்டேன். நல்லவன்.'

யார் சொல்லிக்கொடுத்தது இதை?
கறுப்பினத்தாரின் அரசியல் சிந்தனை, ஐந்தாம் அலகு.
பாடத்திட்டத்தில் நான்கு மணி நேரம்.
ஒன்பது வருஷத்தில் ஒருமுறையும் நான் நடத்தியதில்லை.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
தலைஞாயிறு வருவதற்குள் தீர்ந்துவிடுவதுபோல
ஒவ்வொரு ஏப்ரலிலும்
மூன்றாம் அலகிலேயே நாள் தீர்ந்துவிடும்.
'முக்கியமில்லை, கேட்க மாட்டார்கள்' என்று
நானே சொல்லியிருக்கிறேன்.

முதன்மைத் தேர்வாளர் தியாகேசன் எட்டிப் பார்க்கிறார்.
'குறிப்பில் இல்லாததுக்கு மார்க் இல்லை மேடம்.
முடிவுரை இருந்தால் ரெண்டு போடுங்க.'

முடிவுரை இல்லை.
கடைசி வரி இப்படி நிற்கிறது:
'நாங்கள் கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தை
நாங்கள் மீறினால் அதற்குப் பெயர்'
அங்கே மணி அடித்திருக்க வேண்டும்.

எட்டு போட்டேன்.
ஆறு என்று எழுதி, அடித்து, எட்டு.
பக்கத்தில் சுருக்கொப்பம்.

சாயங்காலம் வாசலில் நோட்டு நீட்டினார்கள்.
கௌரவ விரிவுரையாளர், பதினோரு மாத ஒப்பந்தம்,
தாளுக்கு இவ்வளவு, பயணப்படி கிடையாது.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
படிக்காமலே
கையெழுத்துப் போட்டேன்.