மூடிக்கு அடியில்

மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ் எதிர்வரிசை.
டீக்கடைக்கும் ஸ்டாம்பு வெண்டருக்கும் நடுவில்
ஆறடிக்கு எட்டடி என் கடை.
ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர்,
ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்கத்
தாள்களின் மேல் ஒரு பழைய சைக்கிள் பூட்டு.

பத்தே முக்காலுக்குப் பெட்டியோடு வந்தாள்.
மஸ்கட்டில் நர்ஸ் வேலை.
விசாவை வாட்ஸப்பில் அனுப்பிப் பிரிண்ட் கேட்டாள்.
பாஸ்போர்ட்டில் மூன்று காப்பி:
ஒன்று பெட்டிக்கு, ஒன்று அம்மாவுக்கு,
ஒன்று கலரில், லேமினேஷன் போட்டு
இடுப்புப் பைக்கு.
யார் கேட்டாலும் ஒரிஜினலை மட்டும்
கையை விட்டு விடாதே என்று
ஏஜென்சி வகுப்பில் சொல்லியிருந்தார்களாம்.
முதலாளி கேட்டாலுமா, என்றேன்.
முதலாளி கேட்டால்தான், என்றாள்.

பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள்.
அவள் போனதும் கரண்ட் போனது.
கால் மணி நேரம்.
வந்ததும், பட்டா நகலுக்குக் காத்திருந்த
நெல்லிக்குப்பத்துக்காரருக்காக மூடியைத் தூக்கினேன்.

கண்ணாடி மேல் கருநீலமாய்க் குப்புற.
சிங்கங்கள் என்னைப் பார்க்க,
அவள் முகம் கீழே அழுந்தியிருந்தது.

கலைமங்கை அரிகிருஷ்ணன்.
விமான நிலையத்தில் அப்பா பெயரைத்தான் கூப்பிடுவார்கள்,
இவள் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது முறை எடுத்தாள்.
கன்னிக்கோயில் தாண்டியிருந்தது பஸ். பாட்டு அலறியது.
"இடுப்புப் பையில பத்திரமா இருக்குக்கா."
ஜிப் சத்தம் எனக்குக் கேட்டது.
பிறகு பாட்டு மட்டும் கேட்டது.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கு,
பெட்டியை யாரிடமும் கொடுக்காதே,
நின்ற இடத்தில் நில், என்றேன்.
கடையைப் பார்த்துக்குங்க, என்றேன் நெல்லிக்குப்பத்துக்காரரிடம்.
அவர் பட்டா என் மேசையில். எங்கே போய்விடுவார்?

ஸ்கூட்டி டிக்கிக்குப் பூட்டு சரியில்லை.
தோள்பையை இழுத்துக்கொண்டு பறக்கிற பையன்கள்
நேற்றுகூடப் பேப்பரில் வந்தார்கள்.
ஜாக்கெட்டுக்குள் சொருகினேன்.
பெண்ணையாற்றுப் பாலம், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்,
ஒவ்வொரு வேகத்தடையிலும் அட்டையின் முனை
நெஞ்செலும்பில் குத்தியது.
குத்துகிறவரை இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கென்று ஒன்று எடுத்ததில்லை நான்.
முருங்கப்பாக்கம் நெரிசலில் நின்றபோது
யாரோ ஒருத்தியின் பிறந்த தேதியும் ஊரும் நாடும்
என் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தன.

பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.
இரண்டு கையாலும் இடுப்புப் பையை
இறுக்கிப் பிடித்திருந்தாள்,
உள்ளே நகல் மட்டும்தான் என்று தெரிந்த பிறகும்.
முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன்.
பிரித்து முதலில் தன் முகத்தைப் பார்த்தாள்,
பிறகுதான் என்னை.
ஃப்ளைட் எத்தனைக்கு? ராத்திரி ஒன்பதரை.
இருக்கு நேரம், அழாதே, சென்னை பஸ் அங்கே.

திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில்
பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.
சாவியே வேண்டியிருக்கவில்லை.

கடை மூடுமுன் அன்றைய முகங்களை
அழித்துவிட்டுத்தான் போவேன்.
ஆதார், பான், சாதிச் சான்று,
ஊரார் கையெழுத்து என் மெஷினில் எதற்குத் தூங்க வேண்டும்?
அவளுடையதை மட்டும் அன்று வைத்திருந்தேன்.
ராத்திரி இரண்டுக்கு வந்தது:
"எறங்கிட்டேன்க்கா. ஒரிஜினல் எங்கிட்டதான்."
காலையில் ஷட்டரைத் தூக்கியதும்
முதல் வேலையாக அழித்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில்
கொட்டை எழுத்தில் எழுதினேன்:
ஒரிஜினலை எடுத்தீர்களா?
மூடியைத் தூக்கிப் பாருங்கள்.
நாலு காப்பி போட்டு
மெஷினில், கதவில், சுவரில், கல்லாப்பெட்டியில் ஒட்டினேன்.

மத்தியானம் ஸ்டாம்பு வெண்டர்
ரேஷன் கார்டோடு வந்தார்.
மூடியைத் தூக்கினேன்.
கண்ணாடி மேல் குப்புறக் கிடந்தது
என் கையெழுத்து.