மட்டி வாய்

ரெட்டையூரணி தாண்டியதும் முள் ஏறியது.
பெரியபட்டினம் விலக்கில் சிவப்பைத் தொட்டது.
ஏசியை அணைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு
மே வெயிலில் வெந்தபடி
வாசல்வரை உருட்டிவந்துவிட்டேன்.

ஷார்ஜாவிலிருந்து ஜெய்லானி சொன்னார்:
"ஹெட் கேஸ்கட் போயிருக்கும். தொடாதே."
பார்க்காமலே சொன்னார்.

மூடி ஆறட்டும் என்று அசர் தொழுதேன்.
பிறகு ஆயில் குச்சியை உருவினேன்.
பால்டீ நிறம் இல்லை.
சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை.
விசிறி சுற்றியிருந்தது, வரும்போதே கேட்டேன்.
வழியில் தொட்டபோது மேல் ஹோஸ் கையைச் சுட்டது,
கீழ் ஹோஸ் ஆறிய நோன்புக் கஞ்சி.

இரண்டு போல்ட்.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
பழைய சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன்.
மாமி எட்டிப் பார்த்தார். "என்ன ஆணம்?"
"வண்டி ஆணம்."
எண்பத்திரண்டில் திறக்க வேண்டும்.
காய்ச்சல் பார்க்கும் குச்சி
நாற்பத்திரண்டோடு நின்றுவிடும். கண்தான் கணக்கு.
தண்ணீர் தளதளக்கும் முன்பே
மட்டி வாய் பிளப்பதுபோல் பிளந்தது.

அப்படியென்றால் இதுவும் இல்லை.

ரேடியேட்டருக்குள் விரலை விட்டேன்.
வெள்ளைப் பொருக்கு,
சுரண்டச் சுரண்ட நகத்துக்குள் ஏறியது.
நாங்கள் குடிப்பது குடம் பன்னிரண்டு ரூபாய்.
வண்டிக்கு ஊற்றியது கொல்லைக் கிணறு,
இரண்டு வருடமாக,
என் கையால்தான்.

விரலைப் படமெடுத்து ஜெய்லானிக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.

நாளை தண்ணீர் லாரி வரும்போது
இரண்டு குடம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும்.
யாருக்கென்று மாமி கேட்பார்.