கரைக்காரன்

கண்ணாடி என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறான்.
முகத்தில் கட்டிக்கொள்ளும் இருட்டு இது.
நெற்றியில் நுரைப்பஞ்சு அழுந்த,
மூக்கோரம் மட்டும் ஒரு கீற்று வெயில் கசிகிறது.

குறும்பனைத் தூண்டில் வளைவில்
கல்லுக்குக் கல் தாண்டி
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்தவள் பெல்சி.
நின்றால் விழுந்துவிடுவேனாம்.
வெறுங்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை:
பருந்து வருதா, கம்பி இருக்கா,
நான் இருக்கேனா.

பதினாறு வயதில் மூன்று தடவை
அண்ணனோடு வள்ளத்தில் போயிருக்கிறேன்.
முதல் தடவை சத்தி எடுத்தபோது எல்லாரும் சிரித்தார்கள்.
இரண்டாம் தடவை பாதியில் திரும்பினார்கள்.
மூன்றாம் தடவை ததேயு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் என்னை எழுப்பவில்லை.

பிறகு கேமரா.
கல்யாணம், முதல் திருவிருந்து, தேர்ப்பவனி,
கொளச்சலில் பத்துக்குப் பத்து ஸ்டூடியோ,
மாதத் தவணையில் ஒரு டிரோன்.
கண்ணாடி போன வாரம் தோகாவிலிருந்து
மச்சான் பெட்டியில் வந்தது.

நாலு இறக்கையும் இரைந்தன.
டிரோன் எழும்பிற்று என்று எழுதலாம்;
என் வயிறு அப்படிச் சொல்லவில்லை.
கற்கள் கற்கண்டுத் துண்டுகளாகி விலக
அலையைத் தாண்டினேன், தாண்டித் திரும்பிப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு வருஷமாய்
கரைக்கு வரும் அதன் முகத்தையே பார்த்தவன்.
முதுகு இப்படி
நுரையே இல்லாமல், எண்ணெய் தேய்த்ததுபோல் இருக்குமென்று
ஒருத்தரும் சொன்னதில்லை.

தூரம் அறுநூறு. உயரம் இருபது. பேட்டரி அறுபத்தெட்டு.

நீல வள்ளம்.
அணியத்தில் எழுதிய சகாய மாதாவில்
‘மா’ உதிர்ந்து
‘சகாய தா’ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது.
மூன்று பேர் வலை இழுக்கிறார்கள்.
நடுவில் குனிந்திருப்பவனுக்கு உச்சியில் வழுக்கை.
யாரென்று தேடி, பிறகுதான் தெரிந்தது:
என்னைவிட அரை அடி உயரம் அவன்,
தரையில் நின்று பார்த்த தலை இல்லை இது.

நிமிர்ந்தான்.
கண்ணுக்கு மேல் கைவைத்தான். வாய் அசைந்தது.
சத்தம் வராத கடல் இது, காற்றும் கிடையாது.
ஒரு சாளையை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்,
பிறகு கையை அகல ஆட்டினான்.

நானும் குச்சியை விட்டுக் கை தூக்கினேன்.
விட்ட இடத்தில் அப்படியே நின்றது டிரோன்,
அதன் குணம் அது.
கறுப்புப் பெட்டியை முகமாய் வைத்த ஒருவன்
ஆளில்லாத திசையில் கையாட்டியதைக் கண்டவர்கள்
பெல்சியும்,
கல்லிடுக்கில் தூண்டில் போட்டிருந்த இரண்டு பையன்களும்.

அப்போதுதான் கடல் மூச்சு இழுத்தது.
வள்ளம் ஏறியது.
கேமராவைத் தாழ்த்தி அதோடு போனேன்.
இறங்கியது.
நாற்காலியின் நாலு காலும் கல்லில் அசையாமலிருக்க
எனக்குள் ஏறியது, இறங்கியது,
வாயில் உப்புநீர் ஊறியது.

நான் கேட்குமுன்பே
துணிக்கடைப் பையை விரித்து நீட்டிவிட்டாள் பெல்சி.
வீட்டுக்குத் திரும்பும் பொத்தானையும் அவளே அமுக்கினாள்.
கண்ணாடியைக் கழற்ற நேரமில்லை.
ஆகவே பார்த்தேன்:
கடல் பின்வாங்க, கரை வர,
ஒரு சிவப்புப் புள்ளி நாற்காலியாகி
அதில் ஒருவன் மடங்கிக்கிடக்க
ஒருத்தி அவன் முதுகைத் தடவியபடி
மேலே என்னைப் பார்த்தாள்,
இறங்கு, இறங்கு என்று.

சாயங்காலம் போன்.
“லேய், கை காட்டினேனே, கண்டியா?”
“கண்டேன். நானும் காட்டினேன்.”
கொஞ்ச நேரம் ஏலக் கூச்சல் மட்டும் கேட்டது.
“சத்தி எடுத்தியாமே?”
“பெல்சி சொன்னாளா?”
“அந்தப் பயலுவ சொன்னானுவ.”
சிரிப்பான் என்று காத்திருந்தேன்.
“அப்போ நீ வந்துட்டுத்தான் போயிருக்க மக்கா” என்றான்.

நுரைப்பஞ்சைச் சோப்புப் போட்டு அலசி
பெல்சி கொடியில் காயப்போட்டிருக்கிறாள்.
பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.